சார்பும் உரிமையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலுள்ளவை போன்ற ஆலைகளில், மோட்டாரின் பேரிங் தேய்வதை அதன் ஓசையைக் கொண்டே கண்டறியும் மென்பொருளை ஒருவர் எழுதி விற்பாராயின், மைக்கின் ஒலியை வாங்கும் போர்ட்ஆடியோ, ஒலிக்கோப்பைத் திறக்கும் லிப்எஸ்என்டிஃபைல் ஆகிய நிரல் நூலகங்களும், நிரலை ஓடச்செய்யும் ‘ரன்டைம்’ என்னும் இயக்கச் சூழலும் அதனுடன் செல்ல வேண்டியிருக்க, அதை முழுவதும் தம்முடையது என்று அவர் சொல்லலாமா என்பது ஓர் அறக்கேள்வியே ஆகும்.

மென்பொருள் இவ்வாறு பிறவற்றைச் சார்ந்திருப்பதை எண்ணும்போது, பௌத்தக் காப்பியமான மணிமேகலை நினைவுக்கு வருகிறது. அதன் முப்பதாம் காதை, பேதைமை முதலாகப் பன்னிரண்டு நிதானங்களை, அதாவது ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் நிலைகளை, விளக்குகிறது. எனினும் பௌத்தர் கூறும் சார்பு பொருள்களின் தோற்றத்தை விளக்குமேயன்றி, யாருக்கு யார் கடன்பட்டவர் என்பதைச் சொல்வதில்லை. வைணவமோ, சேஷத்துவம், அதாவது இன்னொருவருக்கு உரியதாக இருத்தல், உயிரின் இயல்பே என்கிறது. நிரல் நூலகங்களைப் பிறர் பயன்படுத்த நிபந்தனையோடு இசைவளிக்கும் உரிமத்தின் கருத்து இதற்கே நெருக்கமானது.

போர்ட்ஆடியோவின் உரிமம் ஆக்கியோர் அறிவிப்பை நீக்காதிருந்தாலே போதும் என்கிறது. லிப்எஸ்என்டிஃபைலுக்குரிய எல்ஜிபிஎல் உரிமமோ, நூலகத்தைத் திருத்தி மீண்டும் பொருத்தும் வாய்ப்பு வாங்குபவருக்கு இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதனாலேயே அந்த நூலகம் நிரலுக்குள் கரைக்கப்படாமல், பெரும்பாலும் தனிக்கோப்பாக, உரிமத்தின் முழு வாசகத்தோடு ஒரே கோப்புறையில் வைத்து அனுப்பப்படுகிறது. விற்றவரின் பெயரைத் தாங்கிய நிரலுக்கு அருகிலேயே, அவர் என்றும் சந்தித்திராதோரின் பெயர்கள் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன.