அடுத்தவருக்காக ஒரு பிரார்த்தனை... ஆனந்தமாக!

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டையில் வெயிலுக்கும் மழைக்கும் சண்டையே கிடையாது. இரண்டும் சேர்ந்தே வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் மேகம், ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்சத்தைச் சாரலாக இந்தப் பக்கம் அனுப்பி வைக்கும். ‘குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா?’ என்று ஊரெல்லாம் விசாரிக்கும் காலம் அது.

சில வருடங்களுக்கு முன், அப்படி ஒரு சாரல் நாளில் செங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். காபி கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

‘‘ஐயா, தினம் காலையில நாலரை மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணுதேன். எனக்குன்னு எதுவும் கேட்கிறதில்ல. எல்லாம் மத்தவங்களுக்காகத்தான். ஜெபம் பண்ணினா மனசு லேசாகும்னு சொல்லுதாங்க. எனக்கு மட்டும் எழுந்திருக்கும்போது பாரம் கூடித்தான் இருக்கு!’’

கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். பக்கத்துக்கு ஒரு பெயர். பெயருக்குக் கீழே வேண்டுதல். மகன் பக்கத்தில், ‘கண்ணைத் திறந்துவிடும் ஆண்டவரே!’ மருமகள் பக்கத்தில், ‘நல்ல புத்தி கொடும். வாய்த்துடுக்கைக் குறையும்.’ கணவரின் தங்கை பக்கத்தில், ‘செய்த துரோகத்தை உணரச் செய்யும்.’

மருமகளோடு பேசி மூன்று வருடம் ஆயிற்றாம். பேரனைப் பார்த்தும் அதே மூன்று வருடம்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது. ஏனென்றால், நம்மில் பலருடைய மனதுக்குள்ளும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது வீட்டார் பெயரையெல்லாம் நட்சத்திரத்தோடு சொல்கிறோம். அர்ச்சகர் ஒரே மாதிரிதான் எல்லாப் பெயரையும் உச்சரிக்கிறார். நம் மனதுக்குள் மட்டும் சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெருமூச்சும், சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புகாரும் சேர்ந்துகொள்கின்றன.

‘‘அம்மா, பைபிளில் பவுல் பிலிப்பி ஊருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தை நாளைக் காலையில் வாசியுங்கள். பிறகு நோட்டைத் திறங்கள்’’ என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது?

விலங்கு பூட்டிய கை எழுதிய கடிதம்

இயேசுநாதரின் திருத்தூதரான பவுல் அந்தக் கடிதத்தை எழுதியபோது சிறைக் காவலில் இருந்தார். கி.பி. 60-ஐ ஒட்டிய வருடங்கள்; இடம் ரோமாபுரி என்பது நெடுங்கால மரபு. வழக்கின் முடிவு விடுதலையா, மரணமா என்று தெரியாத நிலை. நான்கே அதிகாரங்கள் கொண்ட சின்னக் கடிதம். ஆனால் மூலமான கிரேக்கத்தில் மகிழ்ச்சி என்ற சொல்லும் அதன் கிளைச் சொற்களும் 16 இடங்களில் வருகின்றன!

அந்த மகிழ்ச்சி முதலில் தலைகாட்டுவது எங்கே தெரியுமா? பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனையில்தான். பிலிப்பியில் இருப்பவர்களை நினைக்கும்போதெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்வதாகவும், அவர்களுக்காக எப்போதும் சந்தோஷத்தோடு வேண்டிக்கொள்வதாகவும் கடிதத்தை ஆரம்பிக்கிறார் பவுல்.

பிலிப்பி அவருக்கு அப்படியொன்றும் இனித்த ஊரல்ல. அதே ஊரில்தான் அவரையும் அவருடைய தோழர் சீலாவையும் பிரம்பால் அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டி, உட்சிறையில் தள்ளினார்கள். நினைத்தால் முதுகு வலிக்க வேண்டிய ஊர்!

ஆனால், அதே ஊரில் ஓர் ஆறும் இருந்தது. ஓய்வு நாளில் அந்த ஆற்றங்கரையில் சில பெண்கள் பிரார்த்தனைக்குக் கூடுவார்கள். அவர்களில் ஒருத்தி லீதியாள்; இரத்தாம்பரத் துணி விற்பவள். பவுலின் சொல்லைக் கேட்டு மனம் திறந்தவள். வீட்டுக்கு வந்து தங்கியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றவள். ஐரோப்பாவில் பவுல் தொடங்கிய முதல் சபை, சிற்றாற்றங்கரை போன்ற ஓர் ஆற்றங்கரையில், பெண்களின் பிரார்த்தனைக் கூட்டத்தில்தான் பிறந்தது.

அடி விழுந்த அன்றிரவே, காயத்தைக் கழுவி, வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்ட சிறை அதிகாரி ஒருவரும் அந்த ஊரில் இருந்தார்.

பிரம்படியும் அங்கேதான், லீதியாளும் அங்கேதான். பிரார்த்தனையில் உட்கார்ந்தபோது பவுல் லீதியாளிடமிருந்து ஆரம்பித்தார். அவ்வளவுதான் ரகசியம்!

முடிப்பவர் நாமல்ல

‘நன்றி சொல்ல ஒன்றுமே இல்லாத ஆளாக இருந்தால்?’ என்று கேட்பீர்கள். ‘தப்பு செய்தவரின் தப்பை மறைத்துவிட்டு மகிழ்ச்சியாக வேண்டிக்கொள்ள முடியுமா?’ என்றும் கேட்பீர்கள்.

பவுல் எதையும் மறைக்கவில்லை. பிலிப்பிச் சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் அவரோடு சேர்ந்து பாடுபட்டவர்கள். ஆனால், ஒருவருக்கொருவர் ஆகாது. சபையில் எல்லோர் முன்பும் வாசிக்கப்படும் கடிதம் என்று தெரிந்தே, இருவர் பெயரையும் எழுதி, ஒருமனப்படும்படி கெஞ்சுகிறார். அவர்களுக்கு உதவும்படி இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை இல்லை!

ஆக, குறை அவருக்குத் தெரியும். இருந்தும் சந்தோஷம் எப்படி வந்தது? அதற்கும் அவரே காரணம் சொல்கிறார். அவர்களுக்குள் நல்ல காரியத்தைத் தொடங்கியவர் கடவுள்; தொடங்கியவரே முடிப்பார் என்பது பவுலின் நம்பிக்கை.

செங்கோட்டை அம்மாவின் பாரத்துக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. மருமகளைத் திருத்தும் வேலையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கடவுளைத் துணைக்குக் கூப்பிட்டால் பிரார்த்தனை பாரமாகத்தான் இருக்கும். அவளைப் படைத்தவர் ஏற்கெனவே அவளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நம்பி, நாம் அவருக்குத் துணையாக நின்றால்... சுமை கை மாறிவிடுகிறது!

அதே மலையடிவாரத்தில் ஒரு கட்டில்

செங்கோட்டையிலிருந்து தென்காசி, அம்பாசமுத்திரம், களக்காடு என்று தெற்கே போனால், மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கமாகக் கூடவே வரும். அந்த மலையடிவாரத்தில் டோனாவூர் என்றொரு கிராமம். அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1901 முதல் அங்கே தங்கி, ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார். சேலை உடுத்து, தமிழ் பேசி, நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ‘அம்மா’ ஆனவர். கடைசிவரை தாய்நாடு திரும்பவே இல்லை.

1931 அக்டோபர் 24. தன் அன்புக்குரியவர்களுக்கு உதவ எது தேவையோ, அதைத் தன்னிடத்தில் செய்யும்படி அன்று காலை அவர் வேண்டிக்கொண்டார் என்று அவரது சரித்திரம் சொல்கிறது. அன்று மாலையே, களக்காட்டில் மருத்துவப் பணிக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரி 18-ல் காலமாகும் வரை, ஏறக்குறைய இருபது வருடங்கள், பெரும்பாலும் அறையும் கட்டிலும்தான் அவர் உலகம்.

ஓடியாடிய கால் நின்றுவிட்டது. குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்க்க முடியாது; சமையலறையை எட்டிப் பார்க்க முடியாது. என்ன செய்தார்? கட்டிலிலிருந்தபடியே பெயர் பெயராகப் பிரார்த்தித்தார். ஊழியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சின்னச் சின்னக் கடிதங்கள் எழுதினார். புத்தகங்கள் எழுதினார். அவற்றுள் 1933-ல் வெளிவந்த ஒன்று, நோயாளியான அவர் மற்ற நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. தனக்கு வலி இல்லை என்று அவர் நடிக்கவில்லை. தூக்கமில்லாத இரவுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பிரார்த்தனையில் ஆனந்தம் என்றால் எப்போதும் சிரித்த முகம் என்று அர்த்தமில்லை. வலிக்கு நடுவிலும் இன்னொருவரை நினைத்து நன்றி சொல்ல முடிவதுதான் அந்த ஆனந்தம்.

தன் சமாதியில் கல்லெழுப்ப வேண்டாம் என்றார் அவர். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்து, தாயை அழைக்கும் ஒரே ஒரு சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள்.

நோட்டில் ஒரு புது வரி

மறு வருடம் மறுபடி செங்கோட்டை. மறுபடி காபி. அதே நோட்டு.

‘‘நீங்க சொன்ன மாதிரி வாசிச்சேன்யா. மருமக பக்கத்துல என்னத்த நன்றின்னு எழுத? ரெண்டு நாள் பேனாவைக் கையில வச்சுக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள் ஞாபகம் வந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுல எனக்கு விஷக் காய்ச்சல். விடிய விடிய உட்கார்ந்து நெத்தியில துணி நனைச்சுப் போட்டவ அவதான். எப்படி மறந்தேன்னே தெரியல...’’

அந்த வரியைத்தான் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருந்த பழைய வேண்டுதல் அடிக்கப்பட்டிருந்தது. ஒரு மாதம் கழித்து, போனை எடுத்து, காய்ச்சல் நாளின் கதையைத்தான் மருமகளிடம் பேசினாராம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, ‘‘சாப்பிட்டீங்களா அத்தை?’’ என்று கேட்டாளாம்.

‘‘மருமகள் மாறிவிட்டாளா?’’ என்றேன்.

‘‘அது தெரியலய்யா. சில நாள் பேசுதா, சில நாள் பேசமாட்டேங்குதா. ஆனா, அவ பேரைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கல.’’

வாசகச் சகோதரிகளே! நீங்கள் நிற்பது எந்தச் சந்நிதியானாலும் சரி, இன்றிரவு அடுப்படி விளக்கை அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். நினைத்தாலே கசக்கும் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுதலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவரால் உங்களுக்குக் கிடைத்த ஒரே ஒரு நன்மையைத் தேடிப் பிடித்து, அதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அகப்படாவிட்டால் நாளைக்கும் தேடுங்கள்.

மலையில் ஒரு கணவாய் இருந்தால் போதும், அந்தப் பக்கத்து மழை இந்தப் பக்கமும் வந்து சேரும். அடுத்தவருக்காக நாம் மனதில் திறக்கும் வாசலும் அப்படித்தான். அவரை நனைக்க வரும் சாரல், நம் முற்றத்தையும் நனைத்துவிட்டே போகும்!