கையில் ஏந்துமுன் மனத்தை நோக்குக

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இல்லறத்தில் வாழும் சிராவக சிராவகியர் யாவர்க்கும் பயன்படக்கூடிய ஓர் ஐயத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் என் தங்கையின் பேரன் அண்மையில் தொலைபேசியில் கேட்டான்: “பாட்டி, இரவு வேலை முடிந்து வரும்போது பெட்ரோல் நிலையத்தில் ஒருவன் என் காரின் கண்ணாடியைத் தட்டி மிரட்டினான். எப்படியோ தப்பி வந்தேன். விலை குறைந்த சிறிய கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கிக் காரில் வைத்துக்கொள் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குமாம், முந்நூறு டாலர் போதுமாம். நம் அறம் இதற்கு இடம் தருமா?”

பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை துப்பாக்கியைப் பற்றிக் கேட்கின்றானே என்று முதலில் திடுக்கிட்டேன். பின்னர், வாங்கிவிட்டு மறைக்காமல் வாங்குமுன் கேட்டானே என்று மனம் தேறினேன். ஐயம் கேட்ட பிள்ளையைக் கடிந்துகொள்வது ஆசிரியர்க்கு அழகன்று.

நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காகப் பகுத்துள்ளனர். கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருவோனைத் தடுக்கையில் நேர்வது விரோத ஹிம்சை. முனிவர் நான்கையும் துறந்தவர். அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் துறக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். சிரவணபெளகுளத்தில் பத்தாம் நூற்றாண்டில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர்; போர்க்களம் கண்டவர்; சிறந்த சிராவகர். ஆகவே, “ஆயுதத்தைத் தொட்டாலே நீ ஜைனன் அல்லன்” என்று அவனிடம் நான் கூறவில்லை. அறம் சொல்லாததை அறத்தின் பெயரால் சொல்வதும் பொய்யே.

ஆயினும் அந்தச் சாமுண்டராயரின் ஆசிரியர் நேமிசந்திரர், கோபத்தின் வகைகளை எவ்வாறு விளக்கினார் என்பதையும் நாம் அறிதல் வேண்டும். கல்லில் இட்ட கோடு, மண்ணில் இட்ட கோடு, புழுதியில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு எனக் கோபம் நான்கு. நீரில் இட்ட கோடு உடனே மறையும். சாலையில் நமக்கு வரும் கோபம் பெரும்பாலும் அத்தகையதே. ஒருவன் குறுக்கே வண்டியைச் செலுத்துகிறான், நாம் சினக்கிறோம், அடுத்த திருப்பத்தில் மறந்துவிடுகிறோம். கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தாலோ, நீரில் மறைந்திருக்க வேண்டிய கோடு ஒரு நொடியில் கல்லில் விழுந்துவிடும். பிறகு அதை யார் அழிப்பது?

பரத சக்கரவர்த்தியின் வரலாற்றை நினைவுகூருங்கள். படைகள் மடிய வேண்டா என்று அமைச்சர்கள் வேண்ட, உடன்பிறந்தோர் இருவரும் பார்வையாலும் நீராலும் மல்லாலும் பொருதனர். மூன்றிலும் தோற்ற பரதர், ஒப்புக்கொண்ட முறையை மறந்து தம்பியின் மீது சக்கரத்தை ஏவினார். அது பாகுபலியை வலம்வந்து நின்றது. பரதர் கொடியவர் அல்லர். ஆனால் தோல்வியால் மானம் புண்பட்ட அந்த நேரத்தில் சக்கரம் அவர் வசம் இருந்தது. எங்கள் வகுப்பில் எழுதுகோலுக்காகச் சண்டையிட்ட இரு சிறுவர்களுள் ஒருவன் மற்றவன் கையைக் கவராயத்தால் குத்திவிட்டான். “ஏன் குத்தினாய்?” என்று கேட்டேன். “கையில் இருந்தது, டீச்சர்” என்று அழுதான். அவ்விடை இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது.

இனி மற்றொன்று. சமந்தபத்திர ஆசாரியர் ரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் பயனற்ற தீவினைகளாகிய அனர்த்த தண்டங்கள் ஐந்தனுள் ஹிம்சாதானத்தையும் வைத்தார். கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல் என்பது அதன் பொருள். பூட்டிய காரை உடைத்துத் துப்பாக்கியைத் திருடிச் செல்வது அந்நாட்டில் அடிக்கடி நிகழ்கின்றது. கவனமின்றி வைத்த துப்பாக்கி திருடன் கைக்குப் போனால், கொடுக்காமலே கொடுத்தவர் ஆகிறோம். கலிபோர்னியா மாநிலச் சட்டம் காரின் முன்பக்கச் சிறு பெட்டியைப் பூட்டினாலும் அதைப் பாதுகாப்பான பூட்டுப் பெட்டியாக ஏற்பதில்லை.

டெக்சாஸிலோ 2007 முதல் சொந்தக் காரில் மறைவாகக் கைத்துப்பாக்கி வைக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை. ஆனால் வேலை விசாவில் சென்றோர்க்குப் பொதுவாக அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டமே அதைத் தடுக்கின்றது. என் பேரன் போல் கிரீன் கார்டு பெற்றோர்க்கு அத்தடை இல்லை. பிள்ளைகளை அங்கு அனுப்பியுள்ள பெற்றோர் இவ்வேறுபாட்டை அறிதல் நலம். எனினும் சட்டம் விடுவது வேறு, வினை விடுவது வேறு. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அயலானுக்கு அஞ்சி வாங்கிய கருவி வீட்டாரின் துயரவேளையில் அவர்கள் கைக்கே போகின்றது. முந்நூறு டாலர் என்பது அதன் முழு விலையன்று.

அவனுக்கு நான் சொன்னவை எளியவை. கதவுகளைப் பூட்டி வை. ஒளியும் ஆள் நடமாட்டமும் உள்ள நிலையத்தில் பெட்ரோல் நிரப்பு. பின்தொடர்பவன் இருந்தால் வீட்டிற்குச் செல்லாதே. காவல் நிலையம் நோக்கிச் செல். சினத்தோடு வருபவனிடம் இறங்கிப் பேசாதே. காரைக் கேட்டால் கொடுத்துவிடு. அபரிக்கிரகத்தை ஏட்டில் படித்தால் போதாது, சாவியைக் கீழே வைக்கவும் தெரிய வேண்டும்.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். “பின் இருக்கையில் குழந்தை இருந்தால், பாட்டி?” என்றான். எனக்கு உடனே விடை வரவில்லை. பிறகு சொன்னேன்: “முதலில் குழந்தையை எடுத்துக்கொண்டு காரை விட்டு விலகு. அதற்கும் வழியில்லாத வேளையில் அவளைக் காக்க நீ செய்வதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு வேளை உன் வாழ்நாளில் வராமலே போகலாம். மற்ற நாள் அனைத்திலும் அந்தக் கருவி அவள் இருக்கும் காரிலேயே இருக்கும். உங்கள் நாட்டில் 2020 முதல் சிறுவர்களையும் இளையோரையும் மிகுதியாகக் கொல்வது துப்பாக்கிதான் என்கிறார்கள். இரண்டையும் தராசில் வைத்து நீயே நிறுத்துப் பார்.”

வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். கால எல்லையோடு ஏற்பது நியமம். வரும் தசலட்சண பருவம் வரை துப்பாக்கி வாங்குவதில்லை என்று அவன் நியமம் ஏற்றுள்ளான். அதன்பின் என் செய்வான் என்பதை நான் அறியேன். ஆனால் அப்பருவத்தின் முதல் நாள் உத்தம க்ஷமையின் நாள் அல்லவா? அன்று அவனோடு மீண்டும் பேசுவேன். தொலைவில் வாழும் உங்கள் பிள்ளைகளோடும் நீங்கள் பேசுங்கள். அவர்கள் கேட்குமுன் கடிந்துகொள்ளாதீர்கள். கேட்டபின் மௌனம் காக்காதீர்கள்.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க. அறம் வளர்க!