தொடங்கினவன் ஏன் பாதியில் நிற்கிறான்?



டிசம்பர் 31-ந் தேதி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கும்போதே நம்மில் அநேகர் மனதுக்குள் ஒரு தீர்மானமும் எடுக்கிறோம். குடியை விட வேண்டும், கடனை அடைக்க வேண்டும், பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேண்டும். பொங்கல் கழிந்து மாசி பிறக்கும்போது அந்தத் தீர்மானம் எங்கே? அட்டை மட்டும் வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

இதற்கு "சோம்பேறித்தனம்" என்றோ "விசுவாசக் குறைவு" என்றோ பெயர் வைத்துவிடுவது பிரசங்கிக்குச் சுலபம். ஆனால் காரியாபட்டி சுற்றுவட்டாரத்தில் ஜெபிக்கக் கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசினால் வேறு காரணங்கள் தெரிகின்றன.

ஒரு சகோதரி பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுத ஆசைப்பட்டார்கள். "ஒரு வாரம் படிச்சேன்யா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு, மூணு நாள் புஸ்தகத்தைத் தொடலை. நமக்கெல்லாம் எங்க படிப்பு ஏறப்போகுதுன்னு விட்டுட்டேன்" என்றார்கள். மூன்று நாள் விட்டது சின்னக் காரியம். "எனக்கு ஏறாது" என்று தனக்குத்தானே சொன்ன தீர்ப்புதான் புத்தகத்தை மூடிப்போட்டது. ஒருநாள் தவறினால் மறுநாள் தொடரலாம். தீர்ப்புச் சொல்லிவிட்டால் எப்படித் தொடருவது?

இன்னொரு காரணம், வழியையே இலக்கு என்று பிடித்துக்கொள்வது. வழி அடைபட்டால் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். இதற்கு நம்முடைய ஜில்லாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரண்டு உறவுக்காரர்கள் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்குப் போனார்கள். ஊரோ வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பு இல்லை. சில மாதங்கள் தங்கித் தொழிலைக் கற்றுத் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்து 1923-ல் தொடங்கினார்கள். இயந்திர முறை கட்டுபடியாகவில்லை. நம்மில் எத்தனை பேர் அத்தோடு கடையைக் கட்டியிருப்போம்! அவர்கள் கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். விவசாயத்தைக் கெடுத்த அதே வறண்ட வெயில், தீக்குச்சி காய உதவிற்று. அவர்கள் இயந்திரத்தை விட்டார்கள், இலக்கை விடவில்லை. இரண்டு பேராகப் போனார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். ஒருவன் சோர்ந்தால் "வாப்பா, பார்த்துக்கலாம்" என்று சொல்ல அடுத்தவன் இருந்தான்.

ஆனால் பிரியமானவர்களே, இங்கே ஒரு கேள்வியை நாம் தாண்டிப் போகக்கூடாது. விடாமல் பிடிப்பதெல்லாம் நல்லதா? அந்தத் தொழில் வளர்ந்து ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது மெய். பள்ளிக்கூடம் போகவேண்டிய சிறுபிள்ளைகளின் விரல்கள் அதில் தேய்ந்ததும் மெய். தீப்பெட்டி, பட்டாசு செய்யும் வேலையில் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்ற சட்டம் 1986-ல் வந்தது. ஆகவே ஒருவன் தன் இலக்கைக் குறித்து "முடியுமா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?" என்றும் கேட்கவேண்டும். வீடு கட்டும் ஆசையில் மகளின் படிப்பை நிறுத்தும் தகப்பனுக்கு விடாமுயற்சியைப் பிரசங்கிக்க என்னால் முடியாது. அவர் அந்த வீட்டை இரண்டு வருஷம் தள்ளிவைப்பதே நீதி. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னாரே, அந்தக் கணக்கில் இதுவும் சேரும்.

சரி, விலை உன்னுடையது, இலக்கும் நல்லது. அப்படியானால் எப்படி நிலைத்திருப்பது? முதலாவது, அளவைச் சின்னதாக்கு. ராத்திரி இரண்டு மணி நேரம் படிக்க ஏலாவிட்டால் இருபது நிமிஷம் படி. இரண்டாவது, நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லி வை. வாரம் ஒருமுறை அவர் உன்னைக் கேட்கட்டும். மூன்றாவது, தவறின நாளுக்காகப் புலம்பிக்கொண்டிராதே. மறுநாள் அதே நேரத்தில் உட்காரு. நான்காவது, வழி அடைபட்டால் வேறு வழி தேடு.

நம்முடைய கையில் இருக்கும் தமிழ் வேதாகமமே இதற்குச் சாட்சி. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கின 1708-லேயே சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து 1711-ல் முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்து பெரிதாயிருந்தது, காகிதம் போதவில்லை. சின்ன எழுத்து வார்த்து 1715-ல் அச்சிட்டு முடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும் வந்து 1719-ல், 36 வயதில், மரித்துப்போனார். மீதியை சூல்ச் ஐயர் முடித்தார். சீகன்பால்கு தோற்றார் என்று யாராவது சொல்வோமா? தன் பங்கை அடுத்தவன் எடுத்து நடத்தும்படி வைத்துவிட்டுப் போகிறவனும் இலக்கை விடாதவனே.

ஆகையால் இந்த வாரம் புதிய தீர்மானம் எதுவும் எடுக்கவேண்டாம். நீங்கள் விட்டுவிட்ட பழைய தீர்மானங்களில் ஒன்றை மாத்திரம் எடுங்கள். விலையைக் கணக்குப் பாருங்கள். சரியென்று கண்டால், நின்ற இடத்திலிருந்தே தொடருங்கள். கர்த்தர் உங்கள் கைகளைத் திடப்படுத்துவாராக. ஆமென்.