அளந்தவர் உரைக்கலாமா?

மூச்சை அளக்கும் ‘ஸ்பைரோமீட்டர்’ கருவியை ஜான் ஹட்சின்சன் என்னும் அறுவை மருத்துவர் 1846இல் இலண்டனில் விளக்கி வெளியிட்டார். அளந்தவரும் அவரே, அளவின் பொருளை உரைத்தவரும் அவரே. பிற்காலத்தில் இவ்விரண்டும் பிரிந்தன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அளப்பவர் சுவாச அறிவியலாளர், முடிவு கூறுபவர் மருத்துவர் என்பது நெடுநாள் வழக்கம். இப்பொழுது அந்த அறிவியலாளரே நோயாளியைப் பார்க்கவும், முடிவு கூறவும், சிகிச்சையைத் தொடங்கவும் பொறுப்பு விரிந்து வருகிறது. இதனை வெறும் நிர்வாகச் செய்தியாக நாம் கருதவில்லை.

மூச்சுச் சோதனை இரத்தச் சோதனையைப் போன்றதன்று. நோயாளி மூச்சை முழுவதும் உள்ளிழுத்து, வலுவாக, இயன்றமட்டும் நிறுத்தாமல் ஊதவேண்டும். முதல் நொடியில் வெளிவந்த காற்று எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்பனவே முதன்மையான அளவுகள். தயங்கி ஊதினாலும், உதட்டோரம் காற்றுக் கசிந்தாலும் எண் குறையும். நலமாக இருப்பவரும் நோயாளியாகத் தோன்றுவார். ஆகவே மூன்று முறையேனும் ஊதச்செய்து ஒப்பிடுகின்றனர். அருகில் நின்று “இன்னும், இன்னும்” என ஊக்குவித்தவருக்கே அந்த எண்ணின் மெய் தெரியும். அவர் வாய்மூடி நிற்க, அங்கில்லாத ஒருவர் தாளைப் பார்த்துச் சொல்லும்வரை நோயாளி காத்திருப்பதால் யாருக்கு நன்மை? உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்குக் காற்றழுத்தக் கருவியைப் பொருத்தி, தொடர்ந்து கவனித்து வருபவர்களும் அங்கே பல இடங்களில் இவர்களே.

எனினும் அளக்க அறிந்தவர் என்பதனாலேயே தீர்ப்புரிமை வந்துவிடாது. மூச்சுத் திணறலுக்கு இதயமும் இரத்தச் சோகையும்கூடக் காரணமாகலாம். நுரையீரலையே பார்த்துப் பழகிய கண் அவற்றைத் தவறவிடக்கூடும். எங்கே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புவது என்பதையும் பயிற்சி கற்பிக்கவேண்டும். (கற்பிப்பதற்கு மிகக் கடினமான பாடம் அதுவே.)

பொறுப்பேற்றல் மற்றொன்று. பிரிட்டனில் ‘கிளினிக்கல் சயன்டிஸ்ட்’ என்னும் பெயரைச் சட்டப்படி பதிவுபெற்றோரே கொள்ளலாம். பெருந்தவறு இழைத்தால் பதிவிலிருந்தே நீக்கலாம். அதே துறையில் பணிபுரியும் உடலியலாளர் பலருக்கோ தன்விருப்பப் பதிவேடு மட்டுமே உண்டு. இருவருக்கும் ஒரே அதிகாரத்தை அளித்துவிட்டு, ஒருவரை மட்டும் சட்டத்தின்முன் நிறுத்த இயலும் என்பது நோயாளிக்கு இழைக்கும் அநீதி என்போம்.

2025 ஜூலையில் வெளியான பேராசிரியர் கில்லியன் லெங் அறிக்கை, ‘ஃபிசிஷியன் அசோசியேட்’ என்ற வேறொரு பணியினரின் பெயரை ‘அசிஸ்டெண்ட்’ என மாற்றப் பரிந்துரைத்தது. மக்கள் அவர்களை மருத்துவரென மயங்கியதே காரணம். சுவாச அறிவியலாளரும், “நான் மருத்துவர் அல்லேன், உங்கள் மூச்சை அளந்தவர்” என்று முதலிலேயே கூறிவிட்டுப் பேசத் தொடங்கினால், அவர்தம் புலமைக்கு என்ன குறை வந்துவிடும்?