புளியமரமும் கரியமில வாயுவும்

ஆவடிக்கு ஏன் ஆவடி என்று பெயர் வந்தது? தேநீர்க் கடை வாயிலில் கேளுங்கள், புகைவண்டி நிலையத்து இருக்கையில் கேளுங்கள், விடை நொடியில் வரும். "கவச வண்டிகளும் வெடிமருந்தும் வைக்கும் இந்தியக் கிடங்கு என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், முதலெழுத்துகளைக் கூட்டுங்கள், ஆவடி!" என்பர். சொல்பவர் முகத்திலே வெற்றிப் புன்னகை. கேட்பவர் முகத்திலே வியப்பு. கேள்வி அத்துடன் மாண்டது.

சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று காங்கிரசு மாநாடு தீர்மானம் தீட்டியது 1955 சனவரியில், ஆவடியிலே. டாங்கி செய்யும் கனரக ஊர்தித் தொழிற்சாலை அங்கு எழுந்ததோ 1961-ல். தொழிற்சாலை தந்த பெயர் எனில், ஆறாண்டுகளுக்கு முன்னரே அதை 'ஆவடி மாநாடு' என்று ஏடுகள் எழுதியது எங்ஙனம்? "இல்லையில்லை, இரண்டாம் உலகப் போரின்போதே படை வந்தது, கிடங்கு வந்தது" என்று அடுத்த அரணுக்குள் ஓடுவர். ஓடட்டும். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புகைவண்டி புறப்பட்டது 1856-ல். அந்த இருப்புப் பாதை இந்த மண்மீதுதான் சென்றது. போர் மூண்ட 1939 வரையில், எண்பத்து மூன்று ஆண்டுகள், இங்கே ஏர் பிடித்தவரும் நீர் சுமந்தவரும் தம் ஊருக்கு ஒரு பெயரும் இன்றியா வாழ்ந்தனர்? ஆங்கிலேயன் வந்து எழுத்துக்கூட்டிக் கொடுக்கும் வரையில் காத்திருந்தனரா?

பக்கத்து ஊராம் அம்பத்தூருக்கு வாருங்கள். சக்தி பீடங்கள் ஐம்பத்தொன்றில் இது ஐம்பத்தோராவதாம். ஐம்பத்தோராம் ஊர் தேய்ந்து அம்பத்தூர் ஆனதாம். இதைக் கேட்டதும் நம் இளைஞர்கள் நகைக்கின்றனர், புராணப் புளுகு என்கின்றனர். நகைக்கட்டும், தவறில்லை. ஆனால் அதே இளைஞர்கள் ஆவடிக் கதையைத் தலையாட்டி ஏற்கிறார்களே, அது ஏன்? அதிலே கடவுள் இல்லை, ஆங்கிலம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது என்பதாலா? தமிழ்ப் பற்றுடைய நண்பர் ஒருவர் 'ஆ என்றால் பசு' என்று தொடங்கி வேறொரு விளக்கம் தருகிறார். தமிழ் மணக்கிறது, ஆயினும் மணம் சான்றாகாது. மூவரும் செய்தது ஒன்றே. ஒலி ஒத்தது, உள்ளம் குளிர்ந்தது, ஆராய்ச்சி முடிந்தது!

ஊர்ப் பெயரால் எவரும் உதைபட்டதில்லை என்பது உண்மை. ஆகவே உதைபட்ட இடத்துக்கு வருகிறேன்.

பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். ஒன்பதாம் வகுப்பு மாணவி. தேர்வுக்காக நள்ளிரவு வரை விழித்துப் படித்தவள் ஒரு விடியலில் கண் விழிக்கிறாள். கூரை தெரிகிறது, தாயின் இருமல் கேட்கிறது. கையோ காலோ அசையவில்லை. நெஞ்சின்மீது யாரோ அமர்ந்து அழுத்துவதுபோல் இருக்கிறது. கதவோரம் கருநிழல் ஒன்று நிற்கிறது. கத்த முயல்கிறாள், குரல் எழவில்லை. சில நொடிகளில் எல்லாம் கலைந்தது. ஒரு திங்களில் இது மும்முறை நிகழ்ந்தது. "அமுக்குவான் பிடித்துவிட்டான், வீட்டுக் கொல்லையிலே புளியமரம் நிற்கிறதல்லவா?" என்றாள் பாட்டி. உடுக்கைக்காரர் வந்தார், வேப்பிலையும் பிரம்பும் வந்தன. பதினோரு நாள் பள்ளிக்கு அவள் வரவில்லை. வந்தபோது முழங்கையிலே தழும்பு இருந்தது.

பாட்டியைக் கண்டு நான் வெகுளவில்லை. அவள் அறிந்தது அவ்வளவே. என்னைத் திடுக்கிட வைத்தவர் பட்டம் பெற்ற தாய்மாமன். "சார், இதிலே அறிவியல் இருக்கிறது. புளியமரம் இரவிலே கரியமில வாயுவை வெளிவிடும். கீழே படுத்தால் மூச்சு முட்டும். அதைப் பாமரருக்கு விளக்க முடியாமல்தான் முன்னோர் பேய் என்றனர்" என்றார். இந்த விளக்கம் இன்று கைப்பேசிதோறும் உலவுகிறது. பகுத்தறிவாளர் சிலரும் மேடையிலே இதைச் சொல்லிக் கைதட்டல் பெறுகின்றனர்.

மெய்தானா? இரவில் மரம் கரியமில வாயுவை வெளிவிடுவது மெய். ஆனால் புளி மட்டுமா விடுகிறது? வேம்பும் விடும், புங்கும் விடும், ஆலும் விடும். வேப்பமரத்தடியிலே கட்டில் போட்டு உறங்குவோரைப் பேய் ஏன் தீண்டுவதில்லை? அரசமரம் இரவிலும் பிராணவாயு பொழியும் என்று எதிர்ப்பக்கத்திலே ஒரு கதை உண்டு. ஒளியின்றி எந்த இலையும் பிராணவாயு செய்யாது. திறந்த வெளிக் காற்றிலே கரியமில வாயு பத்தாயிரம் பங்குக்கு ஏறத்தாழ நான்கு பங்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ நூறு பங்குக்கு நான்கு பங்கு. ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவுக்கு அதை வெளியிடுகிறான். மரம் விடுவது காற்றோடு கலந்து போகும். அடைத்த குடிசைக்குள் ஐவர் படுத்திருந்தால் மரத்தைவிட அந்த ஐவரே ஒருவருக்கொருவர் பெரும் பேய்கள்! அவள் படுத்ததோ வீட்டுக்குள்ளே; மரம் நின்றது கொல்லையிலே.

இன்னொன்றும் உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, பட்டப்பகல் பதினொரு மணிக்கு ஓட்டு வீட்டில் படுக்கிறாரே தொழிலாளத் தோழர், அவரையும் இதே அமுக்குவான் அமுக்குகிறான். பகலிலே மரம் பிராணவாயுவை அல்லவா தருகிறது? கரியமில வாயுக் கதை அங்கே என்ன ஆயிற்று?

விடை மரத்தில் இல்லை, உறக்கத்தில் இருக்கிறது. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் உறங்குவோரின் கண்விழி இமைக்குள்ளே விரைந்தோடும் வேளைகளைக் கண்டறிந்தனர். கனவு செழிக்கும் வேளை அது. அப்போது மூச்சுத் தசையும் கண் தசையும் தவிர்த்து உடல் தசைகள் பெரும்பாலும் தளர்ந்து கிடக்கும். இல்லையேல் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்தோடுவான். சில வேளை அறிவு முந்தி விழிக்கிறது, தசைக்கட்டு பிந்தி அவிழ்கிறது. விழித்த கண்ணின்மீது கனவின் மிச்சம் படர்கிறது. ஆழ்ந்து மூச்சிழுக்க இயலாமையே நெஞ்சுப் பாரமாகத் தோன்றுகிறது. சப்பானியர் இதற்குக் கனசிபாரி என்று பெயரிட்டனர். நியூபவுண்ட்லாந்து மீனவர் கிழச் சூனியக்காரி என்றனர். அங்கெல்லாம் புளியமரம் ஏது!

ஆக, பாட்டி சொன்னதிலே பாதி மெய். அமுக்கப்பட்டது மெய், அமுக்கியவன்தான் இல்லை. மாமன் சொன்னதிலே அந்தப் பாதியும் இல்லை. பேத்தியின் துன்பத்தைப் பாட்டி நம்பினாள். மாமனோ துன்பத்தை விட்டுவிட்டு முன்னோரின் பெருமையைக் காப்பாற்றப் புறப்பட்டார். அவர் தந்த அறிவியல் சொல் உடுக்கைக்காரரைத் தடுத்ததா? தடுக்கவில்லை, நாற்காலி போட்டு அமர வைத்தது. "படித்தவரே சொல்கிறார், மரத்திலே ஏதோ இருக்கிறது" என்று தெருவே பேசிற்று.

இங்கேதான் ஓர் அறக் கேள்வி எழுகிறது. முன்னோர் நன்மை கருதியே பொய் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். நன்மைக்காகச் சொன்ன பொய் ஏற்கத் தக்கதா? வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலே பொய்க்கும் ஓர் இடம் ஒதுக்கியவர்தாம். ஆனால் விளையும் நன்மை குற்றம் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்று வாயிலிலே காவலும் வைத்தார். அந்தக் காவலனிடம் பேய்க் கதையை நிறுத்துங்கள். பேய் உண்டு என்று ஒருமுறை நம்பவைத்தால், அந்தப் பேய் புளியமரத்தோடு நிற்குமா? ஓட்டுவதற்கு ஓர் ஆள் வருவான், கூலி கேட்பான், பிரம்பெடுப்பான். அடி விழுவதும் பெரும்பாலும் பெண்ணின்மேல்தான். தழும்பு இருக்கும் கையைப் பார்த்த பிறகு, அதைக் குற்றம் நீங்கிய நன்மை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. முன்னோரை இகழ வேண்டும் என்பதில்லை. அவர்கள் அறியாததை அறிந்திருந்ததாகப் புனைவதுதான் அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. நம் அறிவுக்கோ அது அதனினும் பெரிய அவமதிப்பு.

இதைப் படிக்கும் இளைஞர்களில் சிலருக்கும் அமுக்குவான் வந்திருக்கக் கூடும். வந்தால் உடலோடு மல்லுக்கு நில்லாதீர்கள். விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள். சில நொடிகளில், மிஞ்சிப் போனால் சில நிமிடங்களில், தானே விலகும். மல்லாந்து படுக்கையில் மிகுதியாக வருவதால் ஒருக்களித்துப் படுங்கள்; நாள்தோறும் ஒரே வேளையில் உறங்கப் பாருங்கள். அடிக்கடி வந்து பகலிலும் உறக்கம் அடக்க இயலாமல் தள்ளுமானால் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த மாணவி இப்போது பத்து மணிக்கெல்லாம் புத்தகத்தை மூடிவிடுகிறாள். கொல்லையிலே மரம் நிற்கிறது; இந்த ஆண்டு காய்ப்பு மிகுதி என்கிறார்கள்.