பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள்

புது வருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது எரேமியா 29:11 வந்தால் நம் முகம் மலர்ந்துவிடுகிறது. நல்ல எதிர்காலத்தைக் கர்த்தர் நமக்கு வைத்திருக்கிறார் என்னும் வசனம். காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில், வீட்டுச் சுவரில் எங்கும் அதுதான். அதற்கு முந்தின வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. அதில் இருப்பது எழுபது வருடக் காத்திருப்பு.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த மண்ணிலேயே கண்ணை மூட வேண்டியவர்கள். அது தெரிந்தும் எரேமியா கணக்கைக் குறைத்துச் சொல்லவில்லை.

குறைத்துச் சொன்னவன் ஒருவன் இருந்தான். அனனியா என்னும் தீர்க்கதரிசி. இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக அறிவித்து, பாபிலோனின் ஆளுகைக்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். அப்படியே ஆகட்டும் என்றுதான் எரேமியாவும் முதலில் சொன்னார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் தன் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தையாக்க அவர் துணியவில்லை. அனனியா அந்த வருடமே இறந்துபோனான்.

அன்பானவர்களே, தேதி குறித்துத் தருகிறவர்களிடம் ஓடாதீர்கள். மூன்று மாதத்தில் குழந்தை, ஆறு மாதத்தில் விசா என்று சொல்லி விதைக் காணிக்கை கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் மருத்துவரிடம் போகட்டும், பிள்ளையின் படிப்புக்குப் போகட்டும்.

வேலைக்காகக் காத்திருக்கும் தம்பிமாரே, உங்களுக்கும் ஒன்று. கில்காலில் சாமுவேல் தீர்க்கதரிசி வருவாரென்று சவுல் ராஜா ஏழு நாள் பொறுத்தான். படை கலைகிறது, எதிரே பெலிஸ்தர். பயம் நியாயமானதுதான். தானே பலியிட்டான், முடித்த கையோடு சாமுவேல் வந்து நின்றார். சவுலைப் போல அவசரப்பட்டு, ஆள் பிடித்து, பணம் கட்டி வேலை வாங்கிவிட்டு, கர்த்தர் கதவைத் திறந்தார் என்று சபையில் சாட்சி சொல்லாதீர்கள். கதவைத் திறந்தது பணம். அதற்கு அவர் பெயரைப் போடுவது பாவம்.

அப்படியானால் கைகட்டி உட்கார வேண்டுமா? கடிதத்தை முழுதும் வாசியுங்கள். வீடு கட்டச் சொல்கிறார், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடச் சொல்கிறார், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிக்கச் சொல்கிறார். சிறைபிடித்தவனுடைய பட்டணத்துக்காகவே ஜெபிக்கவும் சொல்கிறார்! நாளைக்கே ஊர் திரும்புவோம் என்று மூட்டை கட்டி வைத்திருப்பவன் மரம் நடுவானா? கர்த்தர் நடச் சொன்னார். வரன் அமையும்வரை வாழ்க்கையையே நிறுத்தி வைத்திருக்கும் தங்கையே, விட்ட படிப்பைத் தொடரு. கிடைத்த சிறு வேலையை ஒழுங்காகச் செய். அதுவும் விசுவாசம்தான்.

சபையாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தைக்காகக் காத்திருந்து, கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளிடம், “விசேஷம் ஒன்றும் இல்லையா?” என்று கேட்கிறோமே, அதோடு அவளுக்குச் சோறு இறங்குமா? உன் விசுவாசம் போதாது என்று வேறு சொல்கிறோம். ஆபிரகாமுக்கு நூறு வயதில்தான் ஈசாக்கு பிறந்தான். அவரிடம் போய் இதைக் கேட்போமா? வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தக் கேள்வி நம் வாயில் வரக் கூடாது. அவள் பெயரைச் சொல்லி வீட்டில் ஜெபியுங்கள். அவளைப் பார்த்தால் அவள் வேலையைப் பற்றி, அவள் அம்மாவின் சுகத்தைப் பற்றி விசாரியுங்கள்.