நோய் தரும் துறவு

இல்லறத்தார் ஒருவர்க்கு நீண்டநாள் நோய் வந்துற்றால் அவர்க்கு வேண்டியவை யாவை? உணவு, மருந்து, தூய்மை, உறக்கம் என எவரும் விரல்விட்டு எண்ணிவிடுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எம் கணவர் நடுக்குவாதத்தோடு வாழ்ந்த ஒன்பது ஆண்டுகளில் முதல் நான்கும் அவ்வெண்ணத்திலேயே கழிந்தன. இதனை எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினோம். எழுபதைக் கடந்த நாமே எழுதாவிடில் இளையவர் எழுதத் துணியார்.

1817-இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விளக்கி எழுதியமையால் அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல அழிவதால் கை நடுங்கும், நடை குறுகும், உடல் இறுகும். இவை பலரும் அறிந்தவை. முகத்தசைகளும் இறுகிவிடும் என்பதைப் பலர் அறியார். உள்ளத்தில் மகிழ்ச்சி இருந்தும் முகத்தில் தோன்றாது. குரலும் தாழ்ந்து ஒரே சீராகிவிடும். முகரும் உணர்வோ, நடுக்கம் தொடங்குவதற்குப் பல்லாண்டு முன்பே குறைந்துவிடுவதுண்டு. நாம் சூடிய மல்லிகையை அவர் பாராட்டாததையும், பேரனைக் கண்டு புன்னகைக்காததையும் மனக்கசப்பு என்றே கொண்டோம். இவருக்கு இனி எவரும் வேண்டியதில்லை என்று முடிவு கட்டினோம். 35 ஆண்டுகள் குழந்தைகளின் முகம் பார்த்தே பாடம் நடத்திய எமக்கு இது தெரியாமற் போயிற்று.

இரவில் அவரால் தாமாகப் புரண்டு படுக்க இயலாது. அவர் உறக்கமும் எம் உறக்கமும் கெடாதிருக்க (உண்மையில் இரண்டாவதே முதற்காரணம்) அவர் கட்டிலைக் கூடத்திற்கு மாற்றி, ஓர் உதவியாளரை அமர்த்தினோம். "இந்த வயதில் விலகியிருப்பதும் ஒரு விரதந்தான்" என்றனர் உற்றார். அச்சொல் எமக்கு இதமாகவே இருந்தது.

அங்கேதான் வழுவினோம். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் பிரமசரியம் என்பது தம் துணையோடு நிறைவுறுதலே. துணையை விலக்குதல் அன்று. முழுத்துறவும்கூட, ஒருவர் அறிந்தும் விரும்பியும் ஏற்பதனாலேயே விரதமாகிறது. நோயாளியைக் கேளாமல் பிறர் அவர்மேல் சுமத்துவது எவ்வாறு விரதமாகும்? பசித்தவனுக்குச் சோறிடாமல் அவன் உபவாசம் இருக்கிறான் என்று சொல்வதை ஒக்கும். லெவோடோபா மாத்திரையைப் பருப்புணவோடு சேர்த்துக் கொடுத்தால் பயன் குறையும் என்பதால், கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கத்திற்கேற்ப அரைமணி முன்னதாகவே அதனைக் கொடுத்து வந்தோம். அதில் ஒருநாளும் பிசகியதில்லை!

இது பற்றினை வளர்ப்பதன்றோ என வினவுவோர் உளர். பற்று வினைக்கு வித்து என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒருவர் தம் பற்றைத் தாமே குறைத்தல் வேண்டும். பிறருடைய அருவருப்பு அதற்கு வழியாகாது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மைக்கு உத்தாயண மன்னனைச் சான்று காட்டுவர். தேவன் ஒருவன் குட்டநோய் கொண்ட முனிவர் வடிவில் வந்து, உண்டதை மன்னன் மேலேயே கக்கியபோது, அம்மன்னன் தன் கையாலேயே அவரைக் கழுவித் துடைத்தான். ஏவலாளை அழைக்கவில்லை என்பது பிற்காலத்தில்தான் எம் கண்ணிற் பட்டது.

நெருக்கம் என்றதும் உடலுறவு ஒன்றையே கருதி நாணி ஒதுங்குகிறோம். நடுவயதிலேயே இந்நோய் காணும் தம்பதியரும் உளர். அவர்கள் அதனைத் தமக்குள் பேசுவதிலும் மருத்துவரிடம் கேட்பதிலும் இழுக்கு ஏதுமில்லை. எம் வயதில் வேண்டியிருந்தது அதனினும் எளியது.

ஐந்தாம் ஆண்டில், உதவியாளர் ஊருக்குச் சென்றிருந்த ஓர் இரவு, அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பினோம். நடுங்கும் கை எம் கையைப் பற்றிக்கொண்டது. "டீச்சரம்மா, நான் என்ன தப்புச் செய்தேன்?" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மறுநாளே கட்டிலை உள்ளறைக்குக் கொண்டுவரச் செய்தோம். இரண்டு கட்டில்கள் அங்கே கொள்ளாமையால் எம் புத்தக அலமாரி கூடத்திற்குப் போயிற்று.